கரும்புக்குக் கட்டிய பெல்ட்

கோடு நேராகப் போனால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. திரையில் அது எந்தக் கோடாக இருந்தாலும் சரி, ஆடாமல் அசையாமல் ஒழுங்காகப் போனால் என்னால் உட்கார முடியாது. எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பேன். வேலையை விட்டு வீட்டில் இருக்கிற இந்த வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன தடவை பட்டறைக்கு வந்தபோது உங்களில் ஒருத்தி புதுப் பெல்ட்டைப் போட்டுக் காட்டி, கோடு எவ்வளவு வழவழப்பாக வருகிறது பாருங்கள் என்று சந்தோஷப்பட்டாள். நான் டீ கிளாஸை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. பெல்ட்டில் ஒரு குறையும் இல்லை, கண்ணு. தையல் நன்றாகவே இருந்தது. நான் ஏன் எழுந்து போனேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. கள்ளக்குறிச்சியில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் செல்போன் ரிப்பேர். கரண்ட் போனால் எனக்கு மிஷின் ஓடாது, அந்தக் கடைக்காரருக்கும் வேலை ஓடாது. ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டுப் பேசிக்கொண்டிருப்போம். பேச்சோடு பேச்சாக அவர் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் ஈயம் வைக்கப் பழகினேன். பிறகு நம் பட்டறை ஆரம்பித்தபோது, வெள்ளி நூலைத் துணியில் தைக்கவும் தெரிய வேண்டும், அதில் கம்பியைப் பற்றவைக்கவும் தெரிய வேண்டும், அப்படி ஒரு ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தார்கள். ஊரில் அப்படி இருந்தது நான் ஒருத்திதான். எழுத்துப் படிப்பு எனக்குக் கம்மி. ஆனால் காது நன்றாக வேலை செய்யும். யார் எதைச் சொன்னாலும் சொன்ன மாதிரியே உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வருஷம் நாங்கள் செய்தது கரும்பு வெட்டுகிறவர்களுக்கான வெயில் பெல்ட். உடம்புச் சூடு அளவுக்கு மேல் போனால் போன் சத்தம் போட வேண்டும், ஆள் விழுவதற்கு முன்னால் நிழலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. பள்ளிக்கூடப் பையில் பர்ரென்று பிரியுமே, அந்த வெல்க்ரோ பட்டிதான் அதற்கும். ஆனால் முள்ளிலும் பஞ்சிலும் வெள்ளிப் பூச்சு இருக்கும், அதனால் மின்சாரம் அதன் வழியாகவே போகும். ஒரு முனையில் சூடு பார்க்கிற குமிழ், மறு முனையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. இடுப்பைச் சுற்றி இரண்டு முனையையும் ஒட்டினால் சுற்று முடிந்து, போனில் அந்த ஆளின் பெயர் பச்சையாகும். பிரித்தால் சிவப்பாகி மணி அடிக்கும். தனியாக ஒரு சுவிட்சு தேவையில்லை. மாட்டுவதே சுவிட்சு, கழற்றுவதே சுவிட்சு. இதை நினைத்து நாங்கள் கொஞ்சம் கர்வமாகவே இருந்தோம்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. ஆள் குனிந்தால், திரும்பினால், முள்ளும் பஞ்சும் ஒன்றோடொன்று உரசும். உரசும்போதெல்லாம் போனில் சூட்டைக் காட்டுகிற கோடு துள்ளும். பார்க்கிறவர்கள் கெட்டுப்போன சாமான் என்று நினைப்பார்கள். இந்தத் துள்ளலை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. பட்டியை அகலமாக்கினோம், பக்கத்தில் பிரஸ் பட்டன் வைத்தோம், தையலை மாற்றினோம். கம்மியானது, நிற்கவில்லை. எங்கள் இன்ஜினியர் கார்த்தி, நல்ல பையன், கோடு நேராக வருகிற அன்றைக்குப் பட்டறைக்கே பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான்.

சோதனைக்குப் போனது சின்னசேலம் பக்கம் ஒரு கரும்புக் கொல்லை. வெட்டுகிற ஆட்கள் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஊர், புருஷன் பெண்டாட்டியாக, அண்ணன் தங்கையாக வந்து கொல்லையோரமே கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்த மேஸ்திரி கீழ்நாட்டு ஆள், தொண்டை பெரிது. முதல் நாள் நான் பெண்களுக்கெல்லாம் பெல்ட் கட்டிவிட்டேன். ஜாக்கெட்டுக்குக் கீழே, வேலைக்குப் போடுகிற முழுக்கைச் சட்டைக்கு உள்ளே, வெறும் இடுப்பில் கட்ட வேண்டும். பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பெல்ட்டுக்கு ஒட்டியாணம் என்று பெயர் வைத்தார்கள். அஞ்சலை என்று ஒருத்தி, முப்பது வயதிருக்கும், வாய் ஓயாதவள். இதை அடகுக் கடையில் வைத்தால் இன்னா குடுப்பான் எக்கா என்று கேட்டாள். அவள் நாத்தனார் சாந்தி, அவன் உன்னையும் சேத்து வெச்சிக்கினு கூட ஒன்னும் குடுக்கமாட்டான் என்றாள். நாத்தனாரும் அண்ணியும் அப்படித்தான், ஒருத்தி வெட்டினால் ஒருத்தி கட்டுக் கட்டுவாள், நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே பிரியாமல் இருப்பார்கள்.

பெல்ட்டை யாரும் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கார்த்தி மேஸ்திரியிடம் சொல்லியிருந்தான். மேஸ்திரி அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். போனில் மணி அடித்தால் போதும், பெயரைச் சொல்லிக் கொல்லை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். யார் கழற்றியது, ஏன் கழற்றினாய். முதல் இரண்டு நாள் இப்படி நிறையச் சத்தம் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. பெயரெல்லாம் காலையிலிருந்து மாலை வரை பச்சை. ஜனங்களுக்குப் பழகிவிட்டது என்று கார்த்தி சொன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் உள்ளே ஏதோ நமநமவென்று இருந்தது. வெயிலில் வேர்த்து ஊறுகிற இடுப்பில் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு ஒருத்தியும் ஒரு தடவைகூடச் சொறிந்துகொள்ளப் பிரிக்கவில்லையா?

அன்றைக்கு வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. காற்று இல்லை. மோட்டார் கொட்டகை நிழலில் கார்த்தி போனோடு உட்கார்ந்திருந்தான். நான் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். டிராக்டரில் பாதி லோடு ஏறியிருந்தது. ஆலையில் முறை போய்விடும் என்று மேஸ்திரி எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அப்போது கார்த்தி என்னைக் கூப்பிட்டான். அஞ்சலை பேருக்குக் கீழே கோட்டைப் பார்க்கச் சொன்னான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. நாங்கள் இத்தனை நாள் வேண்டிக்கொண்டிருந்தோமே, அதே கோடு. பிரியாணி வாங்கித் தந்துவிட வேண்டியதுதான் என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பு வெட்டுகிறவள் குனிந்து அடியில் ஒரு வெட்டு வெட்டுவாள், நிமிர்ந்து தோகையைக் கழிப்பாள், திரும்பி எறிவாள். உடம்பு ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. மற்றவர்கள் கோடெல்லாம் துள்ளிக்கொண்டிருக்கிறது, இவள் கோடு மட்டும் ஏன் தூங்குகிறது? தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருப்பாளோ என்று குடத்தடிக்குப் போனேன். அங்கே இல்லை. கட்டுக் கட்டுகிற இடத்துக்குப் போனேன். சாந்தி தனியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சலை எங்கே என்றேன். இங்கதான் இருந்தா, வருவா என்றாள். வாயாடி அண்ணியைப் பற்றிக் கேட்டால் நாலு பேச்சுப் பேசுகிறவள், தலையை நிமிர்த்தாமல் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தேன். கோடு அப்படியேதான் இருந்தது. கார்த்தியிடம், இந்தக் கோட்டில் ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது என்றேன். அவன் வாதாடவில்லை, அதற்காகவே அவனைப் பிடிக்கும். பையிலிருந்து மிச்சமிருந்த பெல்ட்டை எடுத்து இரண்டு முனையையும் ஒட்டினான். ஓடிப்போய்க் கரும்புக்குள் கையை விட்டு அதைத் தொங்கவிட்டுப் பிடித்தான். போன் என் கையில் இருந்தது. புதிதாக ஒரு கோடு வந்தது. அஞ்சலை கோட்டுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே மாதிரி நேராக. காற்றில்லாத கரும்புக்குள் இருக்கிற சூடு மனுஷ உடம்பின் சூடுதான். போன் அதைப் பார்த்து ஆள் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கார்த்தி வந்து இரண்டையும் பார்த்தான்.

மேஸ்திரியிடம் போனோம். வெட்டை நிறுத்துங்கள், அஞ்சலையைத் தேட வேண்டும் என்றேன். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். போனை வாங்கிப் பார்த்தார்.

"பச்சையாத்தான இருக்குது, டெய்லரம்மா. பச்சையா இருந்தா ஆளு நல்லாக்கீதுன்னு நீங்கதான சொன்னீங்க."

நாங்கள்தான் சொன்னோம். அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கேயாவது கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள், அதற்காக ஒரு கொல்லை ஆளையும் நிறுத்தினால் டிராக்டர் நிற்கும், ஆலையில் முறை போகும், நாளைக்கு இந்த ஒட்டியாணத்தை எவள் கட்டுவாள் என்று அவர் சொன்னது எல்லாமே எனக்கும் தெரிந்ததுதான். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். நீங்கள் செய்த சாமானே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அதற்கு முன்னால் நின்றுகொண்டு, என் சாமான் சொல்வதை நம்பாதே என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.

சண்டை போட நேரமில்லை. கோபம் வந்தாலும் அவரை விட்டுவிட்டுச் சாந்தியிடம் போனேன். கையைப் பிடித்து டிராக்டருக்கு அந்தப்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். இங்கே ஆம்பளை யாரும் இல்லை, நான் யாரிடமும் சொல்லமாட்டேன், அவள் எங்கே என்று கேட்டேன். அவள் முந்தானையைத் திருகினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒதுங்கப் போயிருக்கா எக்கா. அதுக்குப் போறப்போ எல்லாரும் அத்தக் கழட்டிக் கரும்புக்குக் கட்டிட்டுத்தான் போவோம். கட்டாம போனா இந்த ஆளு பேரச் சொல்லிக் கத்துவாரு."

அவர்களுக்கு அந்தப் பெட்டி ஒரு கண். போனில் கார்த்தியும் மேஸ்திரியும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கோடு மேலே போகிறது, கீழே போகிறது. கரும்புக்குள் ஒதுங்கும்போது இடுப்பில் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு எந்தப் பெண் போவாள்? கழற்றினாலோ ஊருக்கே கேட்கிற மாதிரிச் சத்தம். ஆகவே அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கழற்றிய கையோடு ஒரு கரும்பைச் சுற்றி ஒட்டிவிட்டால் மணி ஒரு தடவை அடிப்பதற்குள் பச்சை திரும்பிவிடும். எங்கள் சுவிட்சை எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

எப்போது போனாள் என்று கேட்டேன். சாந்திக்கே அப்போதுதான் உறைத்தது. அவள் கட்டி வைத்த கட்டுகளைப் பார்த்தாள். அஞ்சலை போன பிறகு கட்டியதுதான் பாதிக்கு மேல். வந்திருக்கணுமே எக்கா, வந்திருக்கணுமே என்றபடி ஓட ஆரம்பித்தாள்.

நான் மேஸ்திரியைப் பார்த்துக் கத்தினேன். பச்சை என்றால் பெல்ட் பூட்டியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தமில்லை என்றேன். அவ்வளவு தெளிவாகச் சொன்னேனா என்று தெரியாது. சாந்தி ஓடுவதைப் பார்த்ததும் அந்த மனுஷர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடித்தார். கத்திகள் நின்றன. கொல்லையே அமைதியானது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். சோகை, அதாவது காய்ந்த தோகை, சரசரப்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொரு சிக்கல் அங்கேதான் வந்தது. பெண்கள் ஒதுங்குகிற பக்கத்தில் ஆண்கள் கால் வைக்கமாட்டார்கள். அது அவர்களுக்குள் எழுதாத கட்டு. அஞ்சலையின் புருஷன் உட்பட அத்தனை ஆண்களும் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். பொம்பளைங்க போய்ப் பாருங்க என்று மேஸ்திரியும் சொல்கிறார். ஆளுக்கு மேல் வளர்ந்த கரும்பு, இரண்டடிக்கு அந்தப்பக்கம் தெரியாது. பெண்கள் மட்டும் தேடினால் எப்போது கிடைப்பாள்? அதே சமயம், அவள் எந்தக் கோலத்தில் கிடக்கிறாளோ, அத்தனை ஆண்கள் கண்ணில் பட்டால் நாளைக்கு அவள் என்னை என்ன கேட்பாள்? இவ்வளவும் ஒரு மூச்சு விடுவதற்குள் மனசில் ஓடியது.

"எல்லாரும் உள்ள வாங்க. அவ கூச்சத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றேன்.

முதலில் இறங்கியது மேஸ்திரிதான்.

வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு போனோம். சோகை முகத்தைக் கிழித்தது. பெல்ட்டைப் பார்த்தது கார்த்தி. இடுப்பு உயரத்தில் இரண்டு கரும்பைச் சேர்த்துச் சுற்றி, முனை பிசகாமல், சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. அவ்வளவு அழகாக நான்கூட ஒட்டமாட்டேன். அவன் அதைத் தொடவில்லை. இங்கிருந்து தூரம் போயிருக்கமாட்டாள் என்று மட்டும் சொன்னான். சாந்தி எந்தப்பக்கம் என்று கண்டுகொண்டு, சோகை விலகியிருந்த தடத்தில் பாய்ந்தாள். அடுத்த நிமிஷம் அவள் அண்ணி அண்ணி என்று கூப்பிடுகிற சத்தம் வந்தது. சண்டையில்லாத குரலில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அஞ்சலை ஒருக்களித்துக் கிடந்தாள். தொட்டால் அடுப்பில் கிடந்த கல் மாதிரி சுட்டது. வியர்வை இல்லை. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. சாந்தி தன் சட்டையைக் கழற்றி அவள் மேல் போர்த்திய பிறகுதான் தூக்கவிட்டாள். மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைத் தலையிலும் உடம்பிலும் ஊற்றிக்கொண்டே இருந்தோம். கார்த்தி ஆம்புலன்ஸுக்குப் பேசினான். பாதையை அடைத்துக்கொண்டு டிராக்டர் நின்றது. லோடு சரிந்தாலும் பரவாயில்லை, எடுடா என்று மேஸ்திரி விரட்டினார். பாதிக் கரும்பு வாய்க்காலில் போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தை நான் எழுதப்போவதில்லை. நான் உட்காரவே இல்லை என்பது மட்டும் போதும். கார்த்தி போனை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தான். அதன் உள்ளே அஞ்சலை இன்னும் பச்சையாகத்தான் இருப்பாள் என்று எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கரும்பிலிருந்து பெல்ட்டை யாரும் அவிழ்த்து வரவில்லையே.

மறுநாள் அவளுக்குத் தெளிந்தது. கிட்டே போய் உட்கார்ந்தேன். ஆண்களை உள்ளே விட்டது நான்தான் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தப் பொட்டி எல்லாத்தையும் பாக்குதுன்னு நெனச்சிக்கினுதான் கழட்டி வெச்சேன் எக்கா. அது ஒன்னியுமே பாக்கலியே."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் சொன்னாள். எனக்கு அதற்குப் பிறகு யார் சொன்ன எதுவும் அவ்வளவு சுட்டதில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் கார்த்தி முதலில் செய்தது, துள்ளலை அடக்க நாங்கள் வைத்திருந்ததையெல்லாம் பிடுங்கியது. உரசட்டும், துள்ளட்டும், அந்தத் துள்ளல்தான் ஆள் என்றான். கொஞ்ச நேரம் கோடு ஆடாமல் இருந்தால் மணி அடிக்கும்படி மாற்றினான். நீங்கள் இன்றைக்குப் போடுகிற பெல்ட்டிலும் அந்த மணி இருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். எடுக்காதீர்கள். இரண்டு முனை ஒட்டியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பட்டிக்கு ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரியாததை எல்லாம் நாம்தான் பச்சை நிறத்தில் எழுதி வைக்கிறோம்.

என் பங்குக்கு நான் செய்தது, போனை ஆண்கள் கையிலிருந்து வாங்கி, பெண்கள் நடுவில் வைத்தது. ஒவ்வொருத்தியும் தன் கோட்டைத் தானே பார்த்தாள். குனிந்து பார்த்தாள், குதித்துப் பார்த்தாள். இவ்வளவுதானா, இதுக்கா பயந்தோம் என்று ஒருத்தி கேட்டாள். அதற்கப்புறம் சாந்திதான் போனை வைத்துக்கொண்டாள். யார் பெயரையும் யாரும் கத்துவதில்லை. மேஸ்திரிக்கு வருத்தம்தான். இருந்தாலும் ஒரு விஷயம் கேட்டார், இத்தனை நாள் நான் பச்சையாப் பாத்தது எல்லாம் கரும்பைத்தானா என்று.

அடுத்த வெட்டுக்கு அஞ்சலை மலையிலிருந்து இறங்கி வந்தாள். வருவாளா மாட்டாளா என்று எனக்கு இருப்புக்கொள்ளாமல் இருந்தது, வந்தாள். பெல்ட்டை நானே கட்டிவிட்டேன். நடுப்பகலுக்கு முன்னால், சாந்தி தண்ணீர் எடுக்கப் போனபோது போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த நேரம் பார்த்து அஞ்சலை கத்தியைக் கீழே வைத்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், இடுப்பைத் தட்டிக் காட்டிவிட்டுக் கரும்புக்குள் போனாள். கழற்றவில்லை.

போனில் அவள் கோடு துள்ளியது. நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். பார்த்தால் என்ன, அதில் ஒன்றும் தெரியப்போவதில்லை. இருந்தாலும் கவிழ்த்துத்தான் வைத்தேன். மணி அடிக்கிறதா என்று காது அதன் மேலேயே இருந்தது. விரல் சும்மா இருக்கவில்லை. ஒரு தடவை திருப்பப் போய், நிறுத்திக்கொண்டேன். சோகை விலகுகிற சத்தம் கேட்டது. அஞ்சலை வெளியே வந்து முந்தானையை உதறினாள்.

"இன்னா எக்கா, பாத்தியா?"

பார்க்கவில்லை என்று, கவிழ்ந்து கிடந்த போனைக் காட்டினேன்.

"பாத்திருக்கலாம்" என்றாள் கத்தியை எடுத்துக்கொண்டே. "நீ பயந்துக்கினு இருப்பியேன்னு, உள்ளார ஆடிக்கினேதான் இருந்தேன்."